கிழிந்த காதுக்காரி

ஆண் குதிரை கம்பிக்கதவைத் தாண்டிப் புதிய புல்வெளிக்குள் போய்விட்டது. ஏழு பெண் குதிரைகளும் அசையவில்லை. அது திரும்பிப் பார்த்தது. வந்த வழியே நாலுகால் பாய்ச்சலில் ஓடிவந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. காலையிலிருந்து இது நாலாவது தடவை. கேரட் வாளியோடு நின்ற காப்பாளனுக்கு அழுகையே வந்தது.

காட்டுக் குதிரைகளைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. நாலு மணிக்குள் போகாவிட்டால் மயக்க ஊசிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏழில் ஒன்று நிறைமாதச் சினை. மயங்கி விழுந்தால் குட்டியின் கதி?

சாப்பாட்டு டப்பாவோடு அவன் மனைவி வந்தாள். அதே விலங்குக் காப்பகத்தில் சிங்கங்களைப் பார்த்துக்கொள்பவள். உடம்பெல்லாம் சிங்க வாடை. குதிரைகள் மிரளும் என்று ஐம்பதடி தள்ளியே நின்று கத்தினாள்.

"என்னங்க, மறுபடியும் திரும்பிடுச்சா?"

"தலைவனே போறான், இவளுங்களுக்கு என்ன கொழுப்பு பாரு! உன் சட்டையக் கழட்டி வேலியில கட்டினா ஓடிடுவாளுங்கல்ல?"

"ஓடுவாங்க. எந்தப் பக்கம்னு உங்களக் கேட்டுட்டா ஓடுவாங்க? நிறைமாசக்காரி மோதி விழுந்தா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை.

"அவன் தலைவன்னு யாருங்க சொன்னா? புலிதான் தனிக்கட்டை, சிங்கம் கூட்டமா வாழும். என் சிங்கக் கூட்டத்துல அம்மா, பொண்ணு, அக்கா, சித்தின்னு பொம்பளைங்கதான் நிரந்தரம். ஆம்பள ரெண்டு மூணு வருஷம் இருப்பான். இன்னொருத்தன் வந்து விரட்டினா நடையக் கட்டுவான். பிடரியப் பார்த்து ஏமாறாதீங்க."

"இவளுங்க அக்கா தங்கச்சி இல்லையே. வயசுக்கு வந்ததும் பொறந்த கூட்டத்த விட்டு வந்தவளுங்க. ஒட்டுமில்ல, உறவுமில்ல."

"அப்ப எல்லாரும் சக்களத்திங்க! அதுல மூத்தவ யாரு? தண்ணிக்கு யாரு முதல்ல போறா?"

அவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தினமும் முன்னால் நடப்பது கிழிந்த காதுக்காரி. மற்றவை அவள் பின்னால் வரிசை கட்டும். ஆண் குதிரை தலையைத் தாழ்த்தி, பின்தங்கியவர்களை நெட்டிக்கொண்டு கடைசியில் வரும். அதைச் சோம்பேறித்தனம் என்றல்லவா ஆறு வருடமாக நினைத்திருந்தான்! அது காவல்.

இந்தப் பக்கத்துத் தொட்டியைக் காலி செய்தான். புதிய புல்வெளித் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். கிழிந்த காதுக்காரி மோப்பம் பிடித்தாள், கனைத்தாள், நடந்தாள். நிறைமாதக்காரி ஐந்தாவதாக ஆடி அசைந்து போனாள். ஆண் குதிரை கடைசி. மணி மூன்றரை.

"சாப்பாடு ஆறிப்போச்சு!" என்று மனைவி கத்தினாள்.

அவன் முதலில் கதவில் தொங்கிய பலகையில் சாக்பீஸால் எழுதினான்: "ஆண் குதிரையைக் கூப்பிட வேண்டாம். முதலில் தண்ணீருக்குப் போகும் மூத்த பெண் குதிரைக்கு வழி விட்டால் போதும். மற்றவை தொடரும். ஆண் குதிரை கடைசியில் தானே வரும்."