மூன்றாம் நாள் காற்று

நூலகத்துக் கூரையின்மேல் முழங்காலிட்டு, காற்றை அளக்கும் கருவியின் கழுத்தைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்த வடிதாளை அதன் சட்டத்தோடு வெளியே எடுத்த மார்வா லின்ட்கிரென், தப்பான ஊரின் கூரையில் ஏறிவிட்டோமோ என்று ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஊர் அதேதான். மொன்டானா மலைகளுக்கு நடுவே, சட்டியில் கிடக்கும் பட்டாணி மாதிரிக் கிடக்கும் பிட்டர்பைன். டிசம்பர் மாதத்துக் குளிர்காற்று அந்தச் சட்டிக்கு மேலே மூடி போட்டு, மூடியின் மேல் பாறாங்கல்லும் வைத்திருந்தது. தாள்தான் வேறு யாருடையதோ போலிருந்தது. ஊறுகாய் ஜாடி மூடியளவு வெள்ளைத் தாள், ஒரு நாள் முழுக்க ஊர்க்காற்றை உறிஞ்சிய பிறகு, வழக்கமாகப் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வரும். இன்று அது ரொட்டியைக் கருகவிட்ட நிறத்தில் இருந்தது. தேய்த்தால் அதை வைத்து ஒரு கடிதமே எழுதலாம்.

பதினோரு வருடங்களாக மாநில அரசின் காற்றுக் கருவியைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களைக் கையாண்ட கண். ஆய்வகம் எடை போட்டுச் சொல்லும் எண்ணை அவள் கூரையிலேயே சொல்லிவிடுவாள். ஒன்றிரண்டுக்கு மேல் பிசகியதில்லை. காற்றில் துகளின் அளவு முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. இந்தத் தாள் அறுபது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அறுபத்தைந்து.

வருடத்தில் மிக மோசமான இரண்டு நாட்களை அரசு மன்னித்துவிடும். மூன்றாவது மோசமான நாள்தான் அந்த வருடத்து எண். அப்படி மூன்று வருட எண்களின் சராசரி முப்பத்தைந்துக்குள் நின்றால் ஊர் தேறியது. பிட்டர்பைனுக்கு இந்த வருடத்து மன்னிப்பு இரண்டும் ஆகஸ்ட் மாதக் காட்டுத்தீயில் செலவாகிவிட்டன. சராசரி முப்பத்து நான்கு சொச்சத்தில் முக்கிக்கொண்டு நின்றது; இந்தத் தாளும் சேர்ந்தால் தாண்டிவிடும். இந்த ஊரின் காற்றை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று மாநில அரசு ஆயிரத்து நூறு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தது. அதன் ஒரு பிரதியைத்தான் மேயர் தன் கடைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார். வாஷிங்டன் அதை நாலு வருடம் மென்று, ஒப்புதல் தரப்போவதாக அறிவித்து, மக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசமும் கொடுத்தது. வந்தது ஒரே ஒரு கருத்து. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி. கையெழுத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

தாளை உறையிலிட்டு, குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் சூட்டைப் பதிவுசெய்யும் சின்ன வெப்பமானியை ஓடவிட்டு, மார்வா ஏணியில் இறங்கினாள். ஊரில் எங்காவது தீப்பிடித்ததா என்று கேட்க வேண்டும். அதற்குக் கிளைட் வெஸ்டர்பியின் இரும்புக்கடையைவிட நல்ல இடம் இல்லை. ஆணி வாங்கப் போனால் அரைமணி நேரம், ஒன்றும் வாங்காமல் போனால் அரைநாள் என்பது அந்தக் கடையின் கணக்கு. கிளைட் கடைக்காரர் மட்டுமல்ல, மேயரும்கூட. மார்வாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

கடை நடுவில் எருமைக்கன்று அளவுக்கு ஒரு விறகடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நாலு பேர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாம்மா, காத்து ராணி," என்றார் கிளைட். "என்ன, மூஞ்சி தொங்குது? கூரையிலேருந்து விழுந்துட்டியா?"

"நேத்து எங்கயாவது தீப்பிடிச்சுதா, கிளைட்?"

"தீயா? இல்லையே. ஏன்?"

"நேத்து ஓட்டின தாள் கரிக்கட்டையா வந்திருக்கு."

கிளைட் கோப்பையை வைத்தார். "நேத்தா? முந்தாநேத்து செவ்வாய்க்கிழமைதானே உன் நாள்? நேத்து எங்க நாளாச்சே."

சொன்ன பிறகுதான் தன் வாயைவிட்டு என்ன போனது என்று அவருக்கே தெரிந்தது. அடுப்பைச் சுற்றியிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் காப்பியில் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

"செவ்வாய்க்கிழமை ஒயரை அணில் கடிச்சிடுச்சு," என்றாள் மார்வா மெதுவாக. "மோட்டார் நின்னுபோச்சு. தவறின நாளுக்குப் பதிலா அடுத்த நாள் ஓட்டலாம்னு விதி இருக்கு. அதனால நேத்து ஓட்டினேன். அது என்ன கிளைட், உங்க நாள்?"

அவள் கண்ணே விடையைத் தேடிப் பிடித்தது. கல்லாவுக்குப் பின்னால், சாவிகள் தொங்கும் பலகைக்கும் மீன்பிடி உரிமப் படிவத்துக்கும் நடுவில், ஒரு நாட்காட்டி. மூன்று நாளுக்கு ஒரு நாள் கட்டம் கறுப்பாக்கியிருந்தது. நாடு முழுக்க எல்லாக் கருவிகளும் ஓட வேண்டிய நாட்கள். ரகசியமே இல்லை, யார் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் யார் கேட்பார்கள்?

"மூணு நாளைக்கு ஒரு நாள் யாரும் அடுப்பு பத்த வைக்கிறதில்ல," என்றார் கிளைட். கள்ளத்தனம் பிடிபட்டவரின் குரல் இல்லை அது. ஊர்வலத்தை நடத்திக் காட்டியவரின் குரல். "ஒருத்தர்கூட. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, குளிர்ல பல்லு தந்தியடிக்க உக்காந்திருப்போம். போன பிப்ரவரியில மைனஸ் முப்பதுல லுத்தரன் சர்ச்ல கல்யாணம் நடந்துச்சு பாரு, பொண்ணு மூக்கு நீலமா இருந்துச்சு. எதுக்கு? உன் தாள் நாள். நாலு வருஷமா இந்த ஊர் ஒண்ணா செஞ்ச ஒரே காரியம் இதுதான், மார்வா."

"மத்த ரெண்டு நாளும்?"

"மத்த ரெண்டு நாளும் நாங்க மனுஷங்க," என்றார் அடுப்பருகே இருந்த ஒருவர்.

நாலு வருடங்களாக எண்கள் இறங்கியதைப் பார்த்து, பழைய அடுப்புகளை மாற்றும் திட்டம்தான் காரணம் என்று அவள் மாநிலத் தலைநகரில் மேடையேறிப் பேசியிருக்கிறாள். ஒரு பாராட்டுப் பலகையும் கொடுத்தார்கள். அது எழுந்து வந்து தன் தலையில் விழுந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

கிளைட் அவளைத் தனியாகப் பெயின்ட் டப்பாக்கள் பக்கம் அழைத்துப்போனார். குரல் இறங்கியது. "அந்தத் தாள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேந்துதுன்னா ஒப்புதல் போச்சு. ஒப்புதல் போச்சுன்னா மர மில்லுல பலகை காயவெக்கிற புதுக் கொட்டகைக்கு அனுமதி இல்ல. அறுபது வேலை. என் பையன் லீலண்ட் ஸ்போகேன் டவுன்ல டயர் கழட்டிக்கிட்டு இருக்கான். அந்த அறுபதுல அவன் பேரு இருக்கு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. பெட்டி சூடாயிட்டா தாள் செல்லாதுன்னு நீதானே சொல்லுவே? உன் வண்டி ஹீட்டர் பக்கத்துல அரைமணி நேரம் வை. ஆய்வகம் தூக்கிப் போட்டுடும். காணாமப்போன ஒரு நாள். அவ்வளவுதான்."

"ஒப்புதல் வந்தப்புறம் அடுப்பு?"

கிளைட்டின் முகம் குழந்தையின் முகம் போல மலர்ந்தது. "அப்புறம் அந்தக் காலண்டரைக் கிழிச்சு அதே அடுப்புல போட்டுட வேண்டியதுதான்."

மார்வா திரும்பும்போதுதான் பார்த்தாள். நாட்காட்டி, நகல் எடுத்த காகிதம். அதன் மேல் மூலையில் நகல் இயந்திரம் விடாமல் பிடித்துவைத்திருந்த ஒரு நிழல்: வாலைத் தூக்கிய மீன் ஒன்றின் உருவம். அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அவளுடைய நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் காந்த மீன்.

வீட்டில் அவள் கணவன் ஆரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முப்பத்தொரு வருடம் மில்லில் மரத்தூளை மூச்சாக இழுத்தவன். இப்போது சக்கரம் வைத்த பிராணவாயு உருளைதான் அவனுக்கு நாய்க்குட்டி. ஒரு வாக்கியம் பேச அவன் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு இரண்டு நாள் மோசமாகவும் ஒரு நாள் நன்றாகவும் போகும். மருந்துதான் அப்படி மாறிமாறி வேலை செய்கிறது என்று மார்வா மருத்துவருக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள். மருத்துவரும் மருந்தை இரண்டு தடவை மாற்றியிருந்தார்.

அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"மீனோட நிழல் விழுந்திருக்கு, ஆரின்."

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். பிறகு, "அந்தக் கிளைட்டு மிஷினு சுத்தப் பாடாவதி," என்றான்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதிப் போட்டிருப்பே. உனக்கு ஒளிக்கத் தெரியாது. சீட்டாட்டத்துல நல்ல கை வந்தா உன் காது செவக்கும்." மூச்சுக்கு நின்றான். "முன்னே எல்லா நாளும் புகைதான், மார்வா. டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் மீன் மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு கெடந்தேன். காகிதத்தைக் குடுத்தேன். மூணுல ஒரு நாள் கிடைச்சுது. அந்த ஒரு நாள்ல நான் படி ஏறுவேன். நீ பாத்திருக்கே."

பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில் அவன் மாடிக்குப் போய், ஒன்றும் செய்யாமல், திரும்பி இறங்கி வருவான். வெற்றி பெற்ற தளபதி போல.

"ஒப்புதல் வந்ததும் காலண்டரைக் கிழிச்சுப் போடப்போறாங்களாம்," என்றாள் மார்வா. "அப்புறம் ஏழு நாளும்தான்."

ஆரின் ஜன்னல் பக்கம் திரும்பினான். எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்து, கூரை உயரத்தில் மூடியில் முட்டி, மறுபடி தெருவுக்கே இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அதை அவன் என்கிட்ட சொல்லலையே," என்றான்.

சுவர்க்கடிகாரம் ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டது. அவன் அதை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான், "ஆய்வகத்துக்குப் போற சரக்கு வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலே கால். தபால் ஆபீஸ் வாசல்."

"நானும் வரேன்."

"இந்தக் குளிர்லயா? நெஞ்சு அடைச்சுக்கும், கிழவா."

"இங்க மட்டும் என்ன திறந்தா கெடக்கு?"

நாலு மணிக்கெல்லாம் தபால் நிலைய வாசலில் பிக்கப் வண்டி நின்றது. மார்வா ஹீட்டரை அணைத்துவைத்திருந்தாள். பெட்டி ஆரினின் மடியில். எதிரே இரும்புக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. காலையில் நாலு, இப்போது இருபதுக்குக் குறையாது. பிட்டர்பைனில் செய்தி பரவ தந்தி, தொலைபேசி எதுவும் வேண்டாம். ஒருவர் தும்மினால் மறுகோடியில் கைக்குட்டை நீட்டுவார்கள்.

நாலே கால் ஆயிற்று. சரக்கு வண்டி வரவில்லை. நாலரை. கணவாயில் பனி என்று வானொலி சொன்னது.

ஆரினின் உதடு நீலம் பாரித்தது. வண்டிக்குள் அவன் விட்ட மூச்சு கண்ணாடியில் உறைந்தது. அடுத்த மூச்சு வர ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. மார்வா எண்ணினாள். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். அவன் கை மடியிலிருந்து மெதுவாக எழுந்து ஹீட்டர் குமிழின்மேல் போய் நின்றது. திருப்பவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருபது தலைகளும் முன்னால் சாய்ந்தன.

"போட்டுக்கோ," என்றாள் மார்வா. "தாள் போனாப் போகுது. போட்டுக்கோ, ஆரின்."

"நீ சொல்லிப் போடமாட்டேன்."

"செத்துப் போயிடுவே."

"அதுக்கும் நீ ஒரு விதி வெச்சிருப்பே, அடுத்த நாள் பதிலா ஓட்டலாம்னு."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அவன் குமிழிலிருந்து கையை எடுத்து, கதவைத் திறந்தான். புகை உள்ளே வந்தது. குளிர்ப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, இருமிக்கொண்டே குனிந்து, நடைபாதையோரம் வாரிக் குவித்திருந்த பனிமேட்டின் உச்சியில் வைத்தான். கேக் மேல் மெழுகுவர்த்தி வைப்பவனின் கவனத்தோடு நேராக வைத்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரைக் கடைசிவரை திருப்பினான்.

"இந்த ஊர்ல ஒரு பொருளைக் குளிர வெக்கிறதுக்கு நாம ஏன் கஷ்டப்படணும்?" என்றான்.

சூடு மெல்ல வந்தது. அவன் கண்ணை மூடி, கையைக் காற்றுத் துளைக்கு நேரே பிடித்தான். மார்வாவின் பார்வை வெளியே இருந்தது. பெட்டி அங்கே ஒற்றையாக உட்கார்ந்திருந்தது, அவள் கைக்கெட்டாத தூரத்தில். ஒரு குழந்தைகூட அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். அவள் கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். ஆரின் கண்ணைத் திறக்காமலே அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

இரும்புக்கடைக் கதவு திறந்தது. தொப்பி இல்லாமல், கோட்டு இல்லாமல், கடை ஏப்ரனோடு கிளைட் தெருவைக் கடந்து வந்தார். வண்டிக்குள் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. பனிமேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் கடை வாசலில் ஊரே நின்றது.

தெருக்கோடியில், புகைக்குள், சரக்கு வண்டியின் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தும் தெரியாமலும் நகர்ந்து வந்தன. கிளைட் பெட்டியைத் தொடாமல், இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். எல்லாப் புகைபோக்கிகளிலிருந்தும் அவிழ்ந்து இறங்கிய கரித்துகள், அவர் வழுக்கைத் தலையிலும் பெட்டியின் வெள்ளை மூடியிலும் ஒரே அளவாகப் படிந்துகொண்டிருந்தது.