யாரும் கூப்பிடாத பெயர்

"ஓ நெகட்டிவ் ஜீரோன்னு காட்டுது சார். வேற இடத்துல பாருங்க," என்றாள் ரத்த வங்கிக்காரி.

மாடியில் அவன் தங்கை ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். மாப்பிள்ளை மூன்றாவது முறையாக போன் செய்தான். "மச்சான், டாக்டர் கத்துறாரு. ரத்தம் எங்க?"

அவன் அந்தத் திரையைப் பார்த்தான். அவன் எழுதிய புரோகிராமின் திரை.

போன திங்கட்கிழமை அவன் அலுவலகத்தில் தூய்மை இயக்கம் நடந்தது. புரோகிராம் முழுவதையும் சலித்து, எந்த வரியும் கூப்பிடாத பெயர்களை எல்லாம், அவை தாங்கிய கட்டளைத் துண்டுகளோடு, நீக்கச் சொன்னார் தலைமை வடிவமைப்பாளர். "யாரும் கூப்பிடாத பெயர் செத்த பெயர்!" என்று அவர் முழங்க, எல்லோரும் கைதட்டினார்கள். நீக்கியவன் இவன்.

இப்போதுதான் உறைத்தது. சாதாரண வகைகளைத் திரை நேராகப் பெயர் சொல்லிக் கேட்கும். அரிய வகைகளுக்கோ, டாக்டரின் ரத்தச் சீட்டில் உள்ள எழுத்துகளை ஒட்டி அந்த நொடியில் பெயரைத் தயாரித்துக் கேட்கும். எந்த வரியிலும் எழுதப்படாத பெயர் தேடினால் எப்படி அகப்படும்? செத்ததென்று அதையும் நீக்கியிருந்தான். பெயர் இல்லாவிட்டால் புரோகிராம் பிழை என்று அலறியிருக்க வேண்டும். அலறல் கண்ணியக் குறைவு, பூஜ்யம் காட்டினால் போதும் என்பதும் அந்தத் தலைமை வடிவமைப்பாளரின் தத்துவமே.

அவரைக் கூப்பிட்டான்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே தம்பி. கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போடுங்க, வியாழக்கிழமை ரிவ்யூல பேசுவோம்."

"அதுவரைக்கும் ரத்தம் சிந்தாம இருன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லட்டுமா சார்?"

"எமோஷனல் ஆகாதீங்க."

போனை வைத்துவிட்டு கவுன்ட்டருக்குள் தலையை நீட்டினான். "அக்கா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுது. ஃபிரிட்ஜைத் திறந்து கண்ணால பாருங்க. உங்க கால்ல விழுறேன்."

"சிஸ்டம்ல இல்லாததை நான் எடுத்துக் கொடுத்தா என் வேலை போயிடும்."

"அந்தப் பொய்யை எழுதினதே நான்தான்க்கா!"

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். எழுந்துபோய்த் திறந்தாள். கீழ்த்தட்டில் ஆறு பைகள்.

பொருத்தம் பார்த்து, கையால் சீட்டெழுதி, இரண்டு பைகளை மாடிக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் மாப்பிள்ளையின் குரல் வந்தது: "ஏறுது மச்சான். பிரஷர் இறங்காம நிக்குதாம்."

அவன் சுவரில் சாய்ந்தான்.

ரத்த வங்கிக்காரி உட்காரவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள், விரல் ஓரிடத்தில் நின்றது.

"திங்கட்கிழமையிலேர்ந்து இதே வகை கேட்டு மூணு பேர் வந்தாங்க சார். இல்லைன்னு அனுப்பிட்டேன்."

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.