சுவரில் வந்த கை

அந்தக் கையை முதலில் கண்டது அப்துல் கபூரின் மனைவி றாஹிலாதான். மழை விட்டபாடில்லாத ஒரு வியாழக்கிழமைக் காலையில், கொடியில் மறந்துபோன துணிகளை எடுக்கப் பழைய பெற்றோல் செட் சுவர்ப்பக்கம் போனவள், எடுத்த துணியையும் சேற்றில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, செவத்தில ஒரு கை வந்திரிக்கி!"

"கையா? ஆர்ர கை?"

"ஆர்ர கையெண்டு நானென்ன விசாரிச்சிக்கிட்டா நிண்டன்? செவந்த கை. வெரல நீட்டி நம்மட புள்ளைட அறையக் காட்டுது. வந்து பாருங்க."

குடையை விரித்துக்கொண்டு போனார் கபூர். சாகாமத்து வயலில் யானைக் காவலுக்குத் தனியாகப் படுத்து எழும்பிய மனிதர் அவர். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவர். அப்படிப்பட்டவரே அந்தச் சுவரைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்வாங்கினார். போன வருடம் அவரே ஆள் பிடித்து அடித்த சுண்ணாம்பு, மழையில் கரைந்து வழிந்திருந்தது. கரைந்த இடத்தில் மணிக்கட்டோடு ஒரு கை. நாலு விரலை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் நீட்டியிருந்தது. அதற்கு மேலே பழுத்த மிளகாய் நிறத்தில் ஏதோ ஒரு கொண்டை மாதிரி. விரல் நேரே வீட்டின் பின்னறை யன்னலைக் காட்டியது. அந்த அறையில்தான் அவருடைய மகள் பஸ்மினாவும், பிறந்து நாற்பது நாள் கழியாத பேரனும் படுத்திருந்தார்கள்.

"பழைய விளம்பரம்டி அது. சாயம்," என்றார்.

"சாயமெண்டா இவ்வளவு நாளும் எங்க போயிருந்த?"

சாயம் என்று வாய் சொன்னது. மனது சொல்லவில்லை.

அந்த வீடு கபூர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. மாவடிப்பள்ளியில் வயல் செய்து பிழைத்த மனிதருக்கு ஒரே மகள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம் என்பது இந்தக் கரையோரத்து ஊர்களில் எழுதாத சட்டம். மாப்பிள்ளை வீட்டார் அதோடும் விடாமல், வீடு மெயின் றோட்டில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கல்முனையிலிருந்து காரைதீவு வரை றோட்டோரத்தில் விரல் வைக்க இடமில்லை. கடைசியில் சாய்ந்தமருதில், கலவர காலத்தோடு மூடிப்போன இந்தப் பெற்றோல் செட் காணிதான் அகப்பட்டது. துருப்பிடித்த கூரையும், உடைந்த பம்பும், ஒரு நீளச் சுவரும். நிலத்துக்கடியில் டீசல் தாங்கி இருக்கிறது என்று ஊரார் சொன்னார்கள். கபூர் மெஷின் பிடித்து, முன்வாசலைத் தோண்டி, அந்தத் தாங்கியை வெளியே எடுத்து, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்து, குழியை மண்ணால் நிரப்பினார். கண்ணால் பார்த்துச் செய்த வேலை. சுவரை மட்டும் எல்லை மதிலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். கல்யாணம் முடிந்தது, மருமகன் மிஹ்லார் கட்டாருக்குப் போனான், பேரனும் பிறந்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, இந்த மழை பிடிக்கும் வரை.

மழை பிடித்த பிறகு பின்னறையில் ஒரு வாடை. முதலில் பிள்ளை பெற்ற வீட்டு வாடை என்றார்கள். பிறகு எலி செத்திருக்கும் என்று கட்டிலை இழுத்துப் பார்த்தார்கள். கபூருக்கு அது எண்ணெய் வாடை போலத்தான் பட்டது. ஆனால் எண்ணெய் எங்கிருந்து வரும்? தாங்கியைத்தான் தோண்டி எடுத்தாயிற்றே. பஸ்மினா தலையிடி என்று கிடந்தாள். எழும்பினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைதான் எல்லாரையும் பயமுறுத்தியது. பசிக்குக்கூட அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தது. தட்டி எழுப்பினால் ஒரு மடக்குப் பால் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"நல்ல புள்ள, உம்மாவக் கரைச்சல் படுத்தாத புள்ள," என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். றாஹிலாவுக்கு அது நல்லதாகப் படவில்லை. இன்றைக்குக் கையைக் கண்டதும் அவள் மனதில் எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"இது ஜின்னுட வேலதான். பாழடைஞ்சு கிடந்த எடத்தில குடி வந்தா அதுகள் சும்மா இரிக்குமா? வாடையும் அதுதான், தலையிடியும் அதுதான். இண்டைக்குப் பொழுதுபட்டா வெள்ளி ராவு. மஃரிபுக்கு அந்த அறைட கதவு யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டிப்போட்டு, சட்டி நிறையக் குமஞ்சான் புகை போடுறன். ஆயத்துல் குர்சியும் ஓதினா, இரிக்கிறது ஓடிப் போகும்."

குமஞ்சான் புகை புதிதல்ல. குளிக்க வார்த்த பிறகு பிள்ளைக்கும் தாய்க்கும் சாம்பிராணிப் புகை காட்டுவது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் அதை முன் விறாந்தையில், காற்றோட்டமாகத்தான் இதுவரை செய்தார்கள். கபூர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வானேன், அவருக்கும் பயம். அந்த விரலைப் பார்த்த பிறகு, யாராவது எதையாவது ஓதி, எதையாவது புகைத்து, அந்த அறையைச் சுத்தமாக்கித் தந்தால் போதும் என்றிருந்தது.

பகலுக்கு மேல் கரண்டும் போயிற்று. வயர் எங்கோ அறுந்துவிட்டதாம். வளவின் பின்பக்கம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அசர் தொழுதுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்ற கபூருக்கு முன்னால், மழைக்கோட்டோடு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கல்முனை மெதடிஸ்ட் கோயிலடியைச் சேர்ந்த டனிஸ்டன். பழைய சுவர் விளம்பரங்களைத் தேடித் தேடிப் படம் எடுக்கிற பைத்தியம் அந்தப் பொடியனுக்கு. வெயில் காலத்தில் ஒருதரம் வந்து, வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, மழைக்கு வருகிறேன் என்று போனவன். வேலை வெட்டி இல்லாதவன் என்று கபூர் அன்றைக்குச் சிரித்தார்.

"காக்கா, சுண்ணாம்பு கரைஞ்சிருக்குமே? ஒரு படம் எடுக்கட்டா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"எடுத்துக் கிழிக்கிறதுக்கு அதில என்ன இரிக்கி? ஒரு கைதான் இரிக்கி."

"கை இருந்தா எழுத்தும் இருக்கும் காக்கா. காஞ்சா ஒண்டும் தெரியாது. நல்லா ஊறினாத்தான் பழைய சாயம் மேல வரும்."

கபூர் வேண்டாவெறுப்பாகக் கூடப் போனார். டனிஸ்டன் கைத்துணியால் சுவரை மெல்ல ஒற்றினான், தேய்க்கவில்லை. மிச்சச் சுண்ணாம்பு பால்போல வழிந்தது. கொண்டை ஒரு சேவலாயிற்று. கையின் கீழே எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டின. போனில் படம் எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நிறத்தைக் கூட்டி, எழுத்தைக் கூட்டினான்.

"லொறி பஸ்களுக்கு டீசல் முன்னால. கார்களுக்குச் சேவல் மார்க் பெற்றோல் பின்னால..." வாசித்துவிட்டுச் சிரித்தான். "பாருங்க காக்கா, பெரிய வாகனம் காருக்கு வழி மறிக்குமெண்டு ரெண்டு பம்ப் வெச்சிருக்கிறாங்க. பெற்றோல் தாங்கி அப்ப அந்தக் கை காட்டுற இடத்தில..."

சொல்லிக்கொண்டே விரல் போன வழியைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"காக்கா, பின்னால இருந்த தாங்கியையும் எடுத்தீங்கதானே?"

பின்னால் ஒரு தாங்கி இருந்ததாக யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. டீசல் தாங்கி என்றார்கள், டீசல் தாங்கியை எடுத்தார். மகளின் கட்டிலுக்குக் கீழே, டைல்ஸுக்குக் கீழே, எத்தனையோ வருடமாய் உக்கிய இரும்புக்குள் பெற்றோல். நிலத்தடித் தண்ணீர் ஏற ஏற, தண்ணீருக்கு மேலே மிதந்து அதுவும் ஏறுகிறது. வாடை அதுதான். தலையிடி அதுதான். பிள்ளையின் தூக்கமும் அதுதான்.

அப்போது பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்வது கேட்டது.

அவர் ஓடினார். வயதையும் முழங்காலையும் மறந்து ஓடினார். செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. "றாஹிலா! றாஹிலா!" என்று கத்தியது தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. முன்கதவால் நுழைந்து ஹோலைத் தாண்டியபோது, குசினியிலிருந்து றாஹிலா வந்துகொண்டிருந்தாள். கையில் துணி சுற்றிய மண்சட்டி. அதில் சிரட்டைத் தணல், ஊதி ஊதிச் சிவக்க வைத்த தணல். உதட்டில் ஓதல். மகளின் அறைக் கதவுப் பிடியில் ஒரு கையை வைத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து பஸ்மினா ஈனக் குரலில் சொன்னது கேட்டது: "கெதியாக் கொண்டு வாங்க உம்மா. ஏலாம இரிக்கி."

"திறக்காத!"

றாஹிலா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால் பிடியை விடவில்லை. "என்ன மனிசன் நீங்க? வழிய விடுங்க, நேரம் போகுது."

விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை. சட்டியைப் பிடுங்கினார். துணி அவள் கையோடு போயிற்று. சுட்ட மண் அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தது பின்கதவு. முழங்கையால் தள்ளித் திறந்து, தணலைத் தண்ணீரில் வீசக் கையை ஓங்கியவர், ஓங்கிய கையோடு நின்றார். வளவில் நின்ற தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. அவர் வீடு முழுவதும் அந்தப் படலத்தின் மேல் நின்றது.

யா அல்லாஹ்!

சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். ஒரு தணல் தெறித்தாலும் எல்லாம் முடிந்தது. முன்வாசல் வரைக்கும் அந்த ஹோல் அவ்வளவு நீளம் என்று அவர் கட்டும்போது நினைத்ததில்லை. அறைக் கதவைத் தாண்டும் நேரம் பார்த்து, பிடி உள்ளேயிருந்து திரும்பியது. சத்தம் கேட்டு மகள் எழும்பி வந்துவிட்டாள்.

"கதவைப் பிடி! பிடிச்சிக்க!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அதுவரை முறைத்துக்கொண்டு நின்ற றாஹிலா கேள்வி கேட்காமல் பாய்ந்து கதவை இழுத்துப் பிடித்தாள். கபூர் வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மெயின் றோட்டின் நடுவுக்குப் போய்ச் சட்டியைத் தாரில் போட்டார். மழை தணலின் மேல் சீறியது. கையை விரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டனிஸ்டன் வாசற்படியில் தவித்துக்கொண்டு நின்றான். நாற்பது கழியாத பெண் கிடக்கும் அறைப்பக்கம் அந்நிய ஆண் போவதில்லை. அவனுக்கும் அது தெரியும். முகத்தை றோட்டுப்பக்கம் திருப்பிக்கொண்டு, "தங்கச்சி, ஒண்டும் எடுக்க வேணாம், போன் லைட்டும் போட வேணாம், புள்ளையத் தூக்கிக்கொண்டு வெளியால வாங்க!" என்று மட்டும் கத்தினான்.

"நாப்பது முடியாத புள்ளைய மழையிலயா?" என்றாள் றாஹிலா.

"பெற்றோல்டி!" கபூர் அலறினார். "அறைக்குக் கீழ பெற்றோல்! தூக்குடி புள்ளைய!"

அவர்கள் வந்தார்கள். பஸ்மினா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். றாஹிலாவின் நெஞ்சுக்குள் பிள்ளை இருந்தது. றோட்டைக் கடந்து, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே எல்லாரும் ஒடுங்கினார்கள். வீட்டுக்கு இரு பக்கமும் வெறுங்காணி என்பது அன்றைக்குத்தான் கபூருக்கு நிம்மதியாக இருந்தது. டனிஸ்டன் தீயணைப்புக்காரருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தான், தொடர்பு கிடைக்கவில்லை. வீடு இருட்டுக்குள் ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. கதவுகள் எல்லாம் திறந்தபடி.

"கரண்ட்," என்றான் டனிஸ்டன் திடீரென்று. "காக்கா, கரண்ட் வந்தா?"

உள்ளே பிரிட்ஜ் இருந்தது. மின்விசிறியின் சுவிட்சைக்கூட யாரும் அணைக்கவில்லை. கபூர் றோட்டில் இறங்கினார். "மெயின் சுவிட்ச அணைச்சிட்டு வாறன்."

டனிஸ்டன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தான். "போகாதீங்க! அந்தச் சுவிட்சிலயும் பொறி பறக்கும்!"

"விடு தம்பி! என்ட புள்ளைட வீடு!"

"வாப்பா!" என்றாள் பஸ்மினா. அவ்வளவுதான் சொன்னாள். அவர் நின்றார்.

கல்முனைப் பக்கத்திலிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. கரண்ட் வந்ததும் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கூவுவார்களே, அந்தக் கூச்சல். தூரத்துத் தெருவிளக்குகள் எரிந்தன. பிறகு கிட்ட உள்ளவை. பிறகு பள்ளிவாசல். கபூர் மகளையும் மனைவியையும் சுவரோடு தள்ளி, அவர்கள் மேல் முதுகைக் கொடுத்து நின்றார். வீட்டு ஹோலில் வெளிச்சம் வந்தது. ஒரு மூச்சு நேரம், கல்யாண வீடு போல அழகாக இருந்தது.

பிறகு நிலம் உதைத்தது. சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்குத்தான் வந்தது. பின்னறையின் யன்னல் கதவு றோட்டில் வந்து விழுந்தது. கூரையைத் தூக்கிக்கொண்டு நெருப்பு எழும்பியது. அந்த மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை.

யாரும் அழவில்லை. அழுகை வருமளவுக்கு ஒருவருக்கும் மூச்சில்லை. றாஹிலா தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டியைப் பிடித்திருந்த கையை.

"நான்தான் கெதியாக் கொண்டு வரச் சொன்னன்," என்றாள் பஸ்மினா, யாருக்கும் இல்லாமல்.

அப்போதுதான் பிள்ளை அழுதது. தொண்டை கிழிய, பிறந்த அன்று அழுததுபோல் அழுதது. கபூர் அதை வாங்கப் போனார், வெந்த கை விரியவில்லை. குனிந்து, அந்தச் சின்னத் தலையில் முத்தமிட மூக்கை வைத்தார். முடி முழுக்கப் பெற்றோல் மணத்தது.