எண்ணிக்கைக்கு வந்தவர்கள்

காலை ஒன்பதரைக்கே, பிரேசர் டவுன் பின்சந்திலிருந்த மாநகராட்சி ஆஸ்பத்திரி வாசலில் முப்பத்தெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கார்மென்ட்ஸ் தையல்காரிகள். முதல் ஆள் யசோதா. அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வீடு வீடாகப் போய்த் திரட்டியவள் அவள்தான்.

அவளுக்கு வேறு வழியில்லை. கணவன் அசோகனுக்கு டி.பி. வாரம் மூன்று நாள் இங்கே வந்து, கம்பவுண்டர் ரெமிஜியஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்குகிறான். இன்னும் நாலு மாதம் பாக்கி. அதற்குள், தினம் ஒன்பது பேர் வருகிற ஆஸ்பத்திரிக்கு எதற்குச் செலவு என்று மூடப் பார்க்கிறார்கள். கணக்கெடுக்க இன்று அதிகாரி வருகிறார். மூடினால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மூட்டை தூக்குகிறவன் எத்தனை நாள் போவான்?

"யக்கா, எனக்கு என்னா நோவுன்னு சொல்றது?" என்றாள் பின்னால் நின்ற சலோமி.

"தலைவலின்னு சொல்லுடி."

"அதை ஏற்கெனவே நாலு பேரு எடுத்துக்கிட்டாங்க!"

"அப்ப வயித்துவலி. சிரிக்காம சொல்லு."

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி வரிசையை ஏற இறங்கப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ ரெமிஜியஸ், இங்கென்ன ஜாத்ரையா, திருவிழாவா நடக்குது? எல்லாம் செட்டப்பா?"

யசோதா முன்னால் வந்தாள்.

"நாங்கதான் சார் வந்தோம். எங்க கம்பெனி கேட்டை எட்டரைக்குச் சாத்திடுவான். இந்தக் கதவு ஒன்பதரைக்குத்தான் தெறக்குது. எப்படி சார் வர்றது?"

"நிஜமா நோவு இருக்கறவங்கள மட்டும்தான் எண்ணுவேன்" என்று அவர் டாக்டர் நிருபமாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் ஆளாக யசோதா உள்ளே போனாள்.

டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உட்புறம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா வாங்கும் மேடம். எல்லாருக்கும் வாங்கறதுதானே?"

"எல்லாருக்கும் வாங்காதும்மா. உனக்கு உடம்புல ரத்தமே இல்ல."

வயிற்றுவலி என்று ஆரம்பித்த சலோமிக்கு பி.பி. நூற்று அறுபது. அவளுக்கு வயது இருபத்தாறு. அடுத்தவளுக்குச் சர்க்கரை. அதற்கப்புறம் வந்த ஐந்து பேருக்கும் சோகை. தலைவலிக்காரிகளில் ஒருத்திக்கும் வெறும் தலைவலி இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரியின் தாளில், நிஜ நோயாளி ஒருத்திக்கு ஒன்றாக, இருபத்தேழு கோடுகள் விழுந்திருந்தன. பேனாவை மூடினார்.

"மூடற பேச்சு இப்ப பேடா, வேணாம். சாயங்காலம் அஞ்சரைலேருந்து எட்டு வரைக்கும் தெறந்து வைங்க. மூணு மாசம் பார்க்கலாம்."

வாசலில் ஒரே கூச்சல். யாரோ விசில்கூட அடித்தாள்.

இரும்புச்சத்து மாத்திரைதான் போதவில்லை. வழக்கமான கூட்டத்துக்கு அளந்து வந்த மருந்து அது. ரெமிஜியஸ் மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டத் திணறினார்.

"இங்க குடுங்கண்ணா. இந்த வேகத்துல வெட்டினா எங்க சூப்பர்வைசர் உங்களத் தொரத்திடுவான்" என்று யசோதா கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

சீட்டில் தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தது. ஆளுக்கு மூன்று மாத்திரை தேறியது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, மிச்சமிருந்த அரைநாளைப் பிடிக்கப் பெண்கள் கம்பெனியைப் பார்த்து ஓடினார்கள்.