எம் போட்டாயா?

“பாப்பா ரத்தத்துல எம் போட்டியா?”

“ஜியே நல்லா இருக்கு. இனி எம் எதுக்கு? உனக்கு எதுல சந்தேகம் வரலைன்னு சொல்லு பூதக்கண்ணாடி.”

எதையும் மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்க்கிறவள் என்பதால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர். பதில் சொன்னவள் பக்கத்து மேசைக்காரி. ஆனால் அன்று காலை அவள் முழுக்க முழுக்க அத்தைக்காரி. அண்ணன் மகளுக்கு அன்றைக்குத்தான் தடுப்பு மருந்து.

அந்தப் பாப்பாவுக்கு முன்னால் ஒரு பையன். பெரியவன் என்பார்கள். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியே இல்லாமல், நெஞ்சில் சளி கட்டிக் கட்டி, நடை பழகிய கையோடு போய்விட்டான். “தாய் வழியா வந்து ஆண் பிள்ளைகளை மட்டும் பிடிக்கிற வியாதியா இருக்கலாம்” என்றார் டாக்டர். அதில் ‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டு மீதியை மாமியார், அதாவது அத்தைக்காரியின் அம்மா, பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மருமகள் தலை நிமிர்ந்து சோறு தின்றதில்லை.

இப்போது பிறந்தது பெண். பயமில்லை என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். அத்தைக்காரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. குதிகாலில் நாலு சொட்டு ரத்தம் எடுத்து வந்து ஜி வகை ஆன்டிபாடியை அளந்தாள். நிறைய இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு, “ஒரு குறையும் இல்லை, தைரியமா மருந்து கொடுங்க” என்று சொல்லியும் விட்டாள்.

“சரி, இந்த ஜி யாரோடது?” என்றாள் பூதக்கண்ணாடி.

“இது என்ன கேள்வி? பாப்பாவோடது.”

“பிறந்து ஒன்றரை மாசம்தான்டி ஆகுது.”

அத்தைக்காரியின் கையில் இருந்த சோதனைக் குழாய் அப்படியே நின்றது.

ஆன்டிபாடி என்பது பையன்கள் கல்லெறியும் கவட்டை மாதிரி. புரதத்தால் ஆன நீளமான கனச் சங்கிலி இரண்டு, குட்டையான சங்கிலி இரண்டு. கைப்பிடி முழுக்கக் கனச் சங்கிலிதான். அந்தக் கைப்பிடி எந்த மாதிரியோ, அதை வைத்துத்தான் ஜி, எம் என்று பெயர். வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாகத் தாய் கொடுத்தனுப்புவது ஜி மட்டும். எம்முக்கு அந்த வாசல் திறக்காது. பச்சைக் குழந்தையிடம் எம் இருந்தால் அது தன் சொந்த உழைப்பில் செய்தது. ஜி இருந்தால் அம்மாவின் சீதனமாகவும் இருக்கலாம். பெரியவர்களின் ரத்தத்தையே நாளெல்லாம் பார்த்துப் பழகிய கைக்கு இது மறந்துபோயிருந்தது. நல்ல சேதி என்றதும் மேற்கொண்டு பார்க்கவும் தோன்றவில்லை.

“போலியோ சொட்டு மருந்துல உயிரோட கிருமி இருக்கே!” என்றாள் அத்தைக்காரி.

வலுவைக் குறைத்த கிருமிதான். ஆனால் ஆன்டிபாடி செய்யத் தெரியாத உடம்பில் அது வெளியேறாமல் தங்கிவிடலாம். அம்மாவின் ஜி கரைந்து தீர்ந்த பிறகு கை காலை முடக்கலாம்.

அண்ணியின் போன் எடுக்கப்படவில்லை. அம்மா போனும் அடித்து ஓய்ந்தது. அண்ணன் வெளியூரில்.

“மிச்ச ரத்தம் இருக்கில்ல? நான் எம் போடறேன். நீ ஓடு.”

“வெறுங்கையோட போய் என்னடி சொல்வேன்?”

“போய் நில்லு முதல்ல!”

தடுப்பு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. வெள்ளைக் கோட்டோடு அவள் ஓடியதைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரே அழுகைச் சத்தம். எவர் பிள்ளைக்கோ ஊசி போடுவதைப் பார்க்க முடியாமல் அத்தைக்காரியின் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஊசியென்றால் அவளுக்கு எப்போதும் தலை சுற்றும். அண்ணியின் மடியில் பாப்பா. நர்ஸ் இரண்டு விரலால் அதன் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்திருந்தாள். மருந்துக் குப்பி சாய்ந்திருந்தது.

“கொடுக்காதீங்க!”

நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது. “யாரும்மா நீங்க?”

“பாப்பாவோட அத்தை. கொஞ்சம் பொறுங்க.”

அம்மா திரும்பினாள். “நேத்து நீதானேடி தைரியமா கொடுங்கன்னு சொன்னே?”

“சொன்னேன். தப்பாப் பாத்துட்டேன்மா.”

“தப்பாப் பாத்தியா? சந்தைக்கு வந்த கத்தரிக்காயா அது, சொத்தை தெரியாமப் பாக்க?”

“பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க,” என்றாள் நர்ஸ். “டாக்டர் வேண்டாம்னு சொன்னாரா? ரிசல்ட் இருக்கா?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

“வர்றதுக்குள்ள நான் கடையைச் சாத்திடுவேன்.”

“கொடுத்துடும்மா நீ,” என்றாள் அம்மா. “பொம்பளைப் பிள்ளைக்கு வராதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. வந்ததெல்லாம் இவ வழியா வந்தது, அதோட போச்சு.”

நர்ஸ் மறுபடி குனிந்தாள். அதுவரை வாய் திறக்காத அண்ணி பாப்பாவின் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

“இவங்க ரிசல்ட் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் என் பிள்ளையைத் தரமாட்டேன்.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

போன் அடித்தது.

“சொல்லு.”

“எம் இல்லடி.” பூதக்கண்ணாடி அழுதுகொண்டிருந்தாள். “மெஷின் பொய் சொல்லுதோன்னு திரும்பவும் போட்டேன். ஒண்ணுமே இல்ல.”

அத்தைக்காரி போனை நர்ஸின் காதில் வைத்தாள். கேட்டுவிட்டு நர்ஸ் குப்பியை மூடினாள். “அடுத்த ஆள்,” என்றவள், அண்ணியின் தோளைத் தொட்டு, “இப்பவே டாக்டர் ரூமுக்குப் போங்க,” என்றாள்.

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“அப்ப இவளுக்குள்ள இருக்கறது என்னோடதா?” என்றாள் அண்ணி.

“ஆமா அண்ணி. இன்னும் கொஞ்ச மாசம் அதுதான் காவல்.”

“தீர்ந்தா?”

“அதுக்குள்ள மத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த ஜியை ஏத்த ஆரம்பிக்கணும். ஆயுசு முழுக்க ஏத்தணும். ஆனா ஆயுசு இருக்கும். பெரியவனுக்குக் காலம் கடந்து தெரிஞ்சுது.”

அண்ணி பாப்பாவின் உள்ளங்காலை மூடி வைத்துக்கொண்டாள்.

“அம்மா, நீயும் கேளு. பொம்பளைப் பிள்ளைக்கும் வந்திருக்குன்னா டாக்டர் நினைச்ச வியாதியா இருக்காது. கனச் சங்கிலி செய்யற ஜீன்லயே பழுது இருக்கலாம். அது ஒரு பக்கம் மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ணாது. அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டும் பழுதாச் சேர்ந்தாத்தான் வரும். சோதிச்சுப் பாத்தாத் தெரியும்.”

“என் பிள்ளைக்கு அது எங்கேர்ந்து வந்திருக்குமாம்?”

“உன்கிட்டேர்ந்து வந்திருக்கும். இல்லைன்னா அப்பாகிட்டேர்ந்து.”

“போய்ச் சேர்ந்த மனுஷன் தலையில போடலாம்னு பாக்கறியா?”

“நான் போடலைம்மா.”

அம்மா மருமகளைப் பார்த்தாள். அண்ணி பார்க்கவில்லை. டாக்டர் அறைக் கதவு திறந்து, மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி முன்னால் போனாள்.

எல்லார் ரத்தமும் வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜாக்கெட் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி மேசை மேல் கையை நீட்டினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“முதல்ல என்னோடதை எடு,” என்றாள் மகளிடம். “சீக்கிரம் எடுத்துத் தொலை.”