அரக்கு நூல் கட்டிய நாய்

மணியம்மாளுக்குச் சிவப்பு என்று ஒரு நிறம் கிடையாது. அரக்கு உண்டு, குங்குமம் உண்டு, மாதுளை உண்டு, வெங்காயத்தோல் உண்டு. வெறுமனே சிவப்பு என்று சொல்கிறவர்களை, சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைப் பார்ப்பது போல அவள் பார்ப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை அவளுக்கு. நூலைக் கொப்பரையிலிருந்து எடுத்ததும் முதலாளி முதலில் பார்ப்பது நூலை அல்ல, மணியம்மாள் முகத்தைத்தான். அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. கோபம் அதைவிட ஒரு பிடி அதிகம்.

தெருவில் திரிந்த நாய்க்குட்டி ஒன்றுக்கு அவள் வெந்தயம் என்று பெயர் வைத்ததும் நிறத்தைப் பார்த்துத்தான். வெந்தயம் இப்போது வளர்ந்த பெண் நாய். காலையில் பட்டறை வாசல்வரை கொண்டுவந்து விடும், சாயங்காலம் அங்கிருந்து அழைத்துக்கொண்டு வரும். ஊர் பார்வைக்கு அது தெருநாய். மணியம்மாள் ராத்திரி பிசைந்து வைக்கிற கோழிக்குழம்புச் சோற்றைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் தர்மனுக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது.

"எனக்கு ஊத்துற கொழம்புல மெட்ராசுக்கே தண்ணி வுடலாம். அதுக்கு மட்டும் கெட்டியா வெக்கிற."

"அது தட்டை நக்கி வெக்குது. நீ கையைக் கழுவிக்கினு எழுந்து போயிடுற" என்பாள் அவள்.

போன மழைக்காலத்தில் வெந்தயம் குட்டி போட்டது. ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண் குட்டிகளை யாரும் சீந்தவில்லை. ஒன்று பஸ்ஸில் அடிபட்டது, மற்றவற்றை யாரோ சாக்கில் கட்டி ஏரிப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். வெந்தயம் மடியில் பால் கட்டிக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்த நடையை மணியம்மாளால் மறக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் சுகாசினி வந்தாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் அவள். மிச்ச நேரமெல்லாம் நாய்களுக்கு. கருத்தடை ஆபரேஷன், வெறிநாய் ஊசி, கேட்பாரற்ற குட்டிகளுக்கு வீடு தேடுவது என்று நாலைந்து பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். தெருவில் ஒருத்தரும் அவளை நம்பவில்லை. வண்டியில் ஏற்றினால் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. ஆபரேஷன் ஆனால் நாய் குரைக்காது, திருடன் வந்தாலும் வாலாட்டும் என்று இன்னொரு பேச்சு. வண்டி வந்தால் பெண்கள் நாய்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"அக்கா, புடிச்ச எடத்துலயே கொண்டாந்து வுடணும்னு சட்டமே இருக்குது. நான் பொறுப்பு" என்றாள் சுகாசினி. மணியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஏரிக்கரைச் சாக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தெருவையே கூட்டி, "இட்டுக்கினு போகட்டும். நான் சொல்றேன்" என்றாள். மணியம்மாள் சொன்னால் அந்தத் தெருவில் அப்பீல் கிடையாது.

அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரே வண்டியில் மூன்று ஊர் நாய்கள் போவதால் எது எந்த ஊர் என்று குழம்பாதா என்று அவளாகவே கேட்டு, அவளாகவே வழியும் சொன்னாள். பட்டறையில் மிஞ்சிய பட்டு நூலைக் கொண்டுவந்து வண்டிக்காரன் தாவீதின் கையில் கொடுத்தாள்.

"நாய் கழுத்துல கட்டு. எங்க தெருவுக்கு இது. திருப்பருத்திக்குன்றத்துக்கு இது. மாகறலுக்குப் பச்சை. குருடன் கூட பிரிச்சிடுவான்."

தாவீது தலையை ஆட்டினான். நாய் பிடிப்பதில் கெட்டிக்காரன், யாரிடமும் எதிர்த்துப் பேசாதவன். அதுதான் வினையாகப் போயிற்று.

நாய்கள் திரும்பி வந்த அன்று மணியம்மாள் பட்டறையில் இருந்தாள். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்தால், தெருவின் மற்ற நாய்களெல்லாம் காது நுனியில் ஆபரேஷன் அடையாளத்துக்கான சின்ன வெட்டோடு படுத்துக் கிடந்தன. வெந்தயத்தைக் காணோம். அவள் வீட்டு வாசலில் கன்னங்கரேலென்று ஓர் ஆண் நாய் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நூல் கூட இல்லை. காலால் பிறாண்டி அறுத்துப் போட்டிருக்க வேண்டும். அதுவும் அவளைப் பார்த்தது, அவளும் அதைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஏமாற்றம்.

சுகாசினி அன்றைக்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

"பொறுப்புன்னியே, எங்கடி உன் பொறுப்பு? வாயில்லாத ஜீவனை எங்க கொண்டும்போய் தொலைச்சீங்க?"

தாவீதுக்குப் போன் போட்டால், "செகப்பு நூல் கட்டுனதைச் சின்ன காஞ்சிபுரத்துலதான் எறக்கினேன்" என்று சத்தியம் செய்தான். சுகாசினி அழுகையை அடக்கிக்கொண்டு மறுநாளிலிருந்து தேடப் போனாள். இனி ஒரு நாயின் ரோமத்தைக்கூட இந்தத் தெருவிலிருந்து கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். அப்படிச் சொல்ல வைத்ததும் மணியம்மாள்தான்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தையல் போட்ட வயிற்றோடு எந்த ஊரில், எந்த நாய்களிடம் கடிபட்டுக் கிடக்கிறதோ என்ற நினைப்பு ஓயவில்லை. நான் சொன்னதாலதானே வண்டியில ஏறிப் போச்சு என்று இருட்டில் தர்மனிடம் ஒருதரம் சொன்னாள். அவன் போர்வையை இழுத்து அவள் மேல் போட்டுவிட்டான்.

அந்தக் கறுப்பு நாய், தர்மன் வாயில் கருப்பன், வாசலை விட்டு நகரவில்லை. அதற்குச் சோறு வைக்கக் கூடாது என்று அவள் வீட்டில் உத்தரவு. தர்மன் ஆட்டோவிலிருந்து பிஸ்கெட் போடுவதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். அப்புறம் ஒருநாள், "சோறு வீணாப் போவுதே" என்று யாரும் கேட்காத விளக்கத்தைச் சொல்லிக்கொண்டு ஒரு கை அள்ளி வைத்தாள். கருப்பன் நிதானமாகத் தின்றது. தின்று முடித்து அவள் புடவை ஓரத்தில் மூக்கைத் துடைத்தது. "கருங்காலி" என்று திட்டினாள். மறுநாள் குழம்பும் ஊற்றினாள். சாயங்காலம் பட்டறையை விட்டு வெளியே வந்தபோது அது வாசலில் நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள், ஆனால் மெதுவாகத்தான் நடந்தாள்.

ஒரு மத்தியானம் சுகாசினி பட்டறைக்கே ஓடிவந்தாள். செல்போனில் ஒரு படம். சுத்தமான ஒரு வீட்டுக் கூடத்தில், மடித்துப் போட்ட பழைய புடவைமேல் வெந்தயம் படுத்திருந்தது.

"திருப்பருத்திக்குன்றம்கா. ஒரு அம்மா வெச்சிருக்காங்க. எங்க வாட்ஸப் குரூப்ல படம் போட்டதைப் பார்த்து அவங்களே அனுப்பிச்சாங்க."

மணியம்மாள் சாயக்கையோடு போனை வாங்கித் திரையெல்லாம் மஞ்சளாக்கினாள். "யாரு அது, எங்க நாயை வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இருக்கறது? வா, ஒரு கை பார்க்கறேன்."

தாவீதின் வண்டியில் புறப்பட்டார்கள். பின்னால் கூண்டில் கருப்பன். அதன் ஊர் அதற்கு, எங்கள் நாய் எங்களுக்கு என்பது மணியம்மாளின் கணக்கு. வழியெல்லாம் சுகாசினிக்கு அர்ச்சனை நடந்தது. அதுவரை வாய் திறக்காத தாவீது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. பச்சை ஒண்ணு, செகப்பு ரெண்டு குடுத்தீங்க. செகப்புல எது எதுன்னு எனக்குத் தெரியல. மத்த நாயை மூஞ்சியைப் பார்த்தே எறக்கிட்டேன், இந்த ரெண்டுலதான் கொழம்பிட்டேன். கேட்டா திட்டுவீங்கன்னு கேக்கல."

"செகப்பு ரெண்டா? எங்க தெருவுக்கு அரக்கு. இந்த ஊருக்குக் குங்குமம்."

தாவீது, முன் கண்ணாடி ஓரத்தில் சொருகியிருந்த மிச்ச நூல்களை எடுத்து நீட்டினான். "இதுங்கதானே?"

"ஆமா. இது அரக்கு, இது குங்குமம். தெரியல?"

"ரெண்டும் செகப்புதானேக்கா."

அவள் சுகாசினியிடம் நூலை நீட்டினாள். படித்த பெண், சொல்லட்டும். சுகாசினி இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் டார்க்கா இருக்குதோ?" என்றாள், அதுவும் தப்பான நூலைக் காட்டி.

மணியம்மாள் நூலைத் திரும்ப வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள். இத்தனை நாள் அந்தப் பெண்ணை என்னவெல்லாம் சொன்னாளோ அத்தனையும் ஒன்றொன்றாகத் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. ஊர்க்கண்ணுக்குத் தெரியாததைத் தன் கண் பார்த்துவிடும் என்ற மிதப்பில் ஒரு நாயைத் தொலைத்திருக்கிறாள். வண்டி திருப்பருத்திக்குன்றத்தை நெருங்கியபோது சுகாசினியிடம் கேட்டாள்.

"சாப்டியா நீ?"

"இல்லக்கா."

"வூட்டுக்கு வா. ஆக்கிப் போடறேன். தெருவுல எல்லார் கிட்டயும் நானே சொல்றேன், தப்பு என்னோடதுன்னு. அடுத்த தபா ஊசிக்கு வண்டி வரட்டும், நானே புடிச்சிக் குடுக்கறேன்." சுகாசினி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் முனையில் தாவீது கூண்டைத் திறந்தான். கருப்பன் குதித்து இறங்கியது, மண்ணை முகர்ந்தது, காதை நிமிர்த்தியது. சமணக் கோயில் மதில் பக்கமிருந்து ஏதோ ஒரு நாய் குரல் கொடுக்க, நாலுகால் பாய்ச்சலில் ஓடியே போய்விட்டது. மணியம்மாள், வழியில் கொடுக்கலாம் என்று முந்தானையில் முடிந்து வந்த ரொட்டித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்க்கும் என்று, அவள் எதிர்பார்த்திருந்தாள்.

"சனியன் தொலைஞ்சுது" என்றாள்.

அந்த அம்மாள் பெயர் ஜினமதி. கறி மீன் தொடாத சமண நயினார் வீடு, புருஷன் போனபிறகு தனியாக இருந்தாள். மணியம்மாள் வாசற்படி ஏறுவதற்குள் உள்ளேயிருந்து வெந்தயம் பாய்ந்து வந்து அவள்மேல் விழுந்தது. அழுவது போல ஒரு சத்தம், சுற்றிச் சுற்றி ஓடியது, தரையில் மூத்திரம் விட்டது, கையை, காதை, மூக்குத்தியை நக்கியது. மணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு கை பார்க்க வந்தவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

ஜினமதி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஊர் நாயெல்லாம் சேர்ந்து விரட்டிச்சு. தையல் பிரிஞ்சு ரத்தமா வந்து வாசல்ல விழுந்தது. டாக்டரைக் கூட்டிவந்து மறுபடி தைச்சோம். எங்க வீட்டுல நாயே ஏறினதில்லை. எனக்கு நாயைத் தொடவும் தெரியாது. இதுதான் சொல்லிக் கொடுத்தது."

"என்னம்மா சாப்புட்டுச்சு?"

"தயிர்சாதம்தான். நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடறவங்க. அதுக்கும் அப்பவே போட்டுடுவேன். ராத்திரியானா எதையோ நெனச்சுக்கிட்டுத் தட்டுகிட்டயே போய் உக்காரும். என்ன வேணும்னு எனக்குப் புரியலை."

மணியம்மாளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த வீட்டில் நின்றுகொண்டு கோழிக்குழம்பு என்று எப்படிச் சொல்வது? "பழக்கம்மா" என்று மட்டும் சொல்லி, இரண்டு கையையும் கூப்பினாள்.

வண்டியில் கூண்டுக்குப் போகவில்லை வெந்தயம். முன் சீட்டில் மணியம்மாள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போகலாம் போகலாம் என்று முன் கண்ணாடியையே பார்த்தது. நாக்கு தொங்கியது, வால் சுகாசினியின் தோளில் அடித்தது. பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பே அதற்கு இல்லை. ஜினமதி வாசலில் நின்றாள். கையில் அந்தப் பழைய புடவையை மடித்து வைத்திருந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"அந்தப் பொடவையைக் குடும்மா. அதுலதான் படுக்கும்" என்று மணியம்மாள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "பொழுதோட ஒரு நாளு எங்க தெருவுக்கு வாங்க. கண்டிப்பா வரணும்."

தாவீது வண்டியைக் கிளப்பினான். வெந்தயம் அப்போதும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது. மணியம்மாள் அதன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, வலுக்கட்டாயமாக ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"கழுதை, அவங்களப் பாரு. நல்லாப் பாத்துட்டு வா."

வண்டி தெருமுனை திரும்புகிறவரை அவள் பிடியை விடவில்லை.