கேடயம் கைமாறியது

"கம்பெனி சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன் சார்" என்று அன்றைக்குக் கடைசி முறையாகச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினான் தம்பி. வாஷிங் மெஷின் புகார்ப் பிரிவில் வேலை. துணி கிழிந்தாலும் தண்ணீர் ஒழுகினாலும் திட்டு அவனுக்குத்தான். வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், சூடேறிக் கிடந்த அதே காதில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

ஆன்லைன் விளையாட்டில் மூன்று பேர் ஒரு கூட்டணி. தம்பி கேடயக்காரன். அரக்கனை வம்புக்கிழுத்து, அத்தனை அடியையும் தன் மேல் வாங்குவது அவன் வேலை. 'சுவர்' என்றே பட்டப்பெயர். மாடியில் குடியிருக்கும் அக்கா வைத்தியச்சி. பச்சை ஒளியை வீசி அவனைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வாள். அக்கா புருஷன் வில்லாளி. தூர நின்று அம்பு விடுவார். அரக்கன் திரும்பிப் பார்த்தால் ஓட்டம் பிடிப்பார். ஜெயித்ததும் பீற்றிக்கொள்பவரும் அவரே.

"மாமா, இன்னைக்கு வில்லை நான் எடுத்துக்கறேன். கேடயத்தை நீங்க பிடிங்க."

"என்ன மாப்ள, சுவரு எங்கயாவது எந்திரிச்சுப் போகுமா?"

"பகல் பூரா அங்க வாங்கறேன். இங்கயுமா? மாத்தலேன்னா இனிமே நான் விளையாட வரல."

"சும்மா நிக்கற வேலைன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் அக்கா, தன் புருஷனிடம். "நின்னுதான் காட்டுங்களேன்."

குறுகலான பாலத்தில் அரக்கன் வந்தான். மாமா கேடயத்தோடு நெஞ்சு நிமிர்த்தி நின்றார். முதல் அடி விழுந்ததுமே வில்லாளிப் புத்தி வந்துவிட்டது. திரும்பி ஓடினார், நேராக அக்காவிடம். அரக்கனும் பின்னாலேயே.

"என்கிட்ட எதுக்கு இழுத்துட்டு வர்றீங்க!" அக்காவின் குரல் ஹெட்போனிலும் கேட்டது, மாடியிலிருந்தும் கேட்டது.

தம்பி யோசிக்கவில்லை. வில்லும் கையுமாய்க் குறுக்கே பாய்ந்து, வழக்கமாக வம்பிழுக்கும் பொத்தானைத் தட்டினான். வில்லாளிக்கு அதே பொத்தான் பின்னால் துள்ளித் தப்பிப்பதற்கு. துள்ளியவன் பாலத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தான். மேலே மற்ற இருவரும் செத்தார்கள்.

கேடயம் திரும்பத் தன் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தான் தம்பி. கேட்டால் சரி என்றுவிடுவான். மறுப்பதற்குக்கூடத் தெம்பில்லை.

"மாப்ள..." மாமாவுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. "ஒரு அடியக்கூட என்னால தாங்க முடியல. எப்படிடா தினமும் வாங்கற?"

இந்தக் கேள்வியை ஆபீசிலும் யாரும் அவனிடம் கேட்டதில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினான்.

"பழகிடும் மாமா."

"அவன் பழகினது போதும்" என்றாள் அக்கா. "நீங்களே பிடிங்க. தோத்தா தோத்துட்டுப் போறோம், குடியா முழுகிடும்?"

மறுபடி தோற்றார்கள். அதற்கடுத்த முறையும் தோற்றார்கள். எட்டத்தில் நின்று தம்பி விட்ட அம்புகளில் பாதி பாறையில்தான் பட்டன. யாரும் திட்டவில்லை.

"மன்னிப்புக்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன், அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு, அடுத்த அம்பை எடுத்தான்.